ஸ்டுடியோக்காரர் கடைசியா எடுத்த முந்நூத்திப் பன்னெண்டு படம்

ஸ்டுடியோக்காரருக்குத் தொழில் பாஸ்போர்ட் சைஸ் படம். பைத்தியம் காடு.

வாரத்துல அஞ்சு நாள் "தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க"ன்னு ஜனங்களை மிரட்டுவாரு. மீதி ரெண்டு நாள் காட்டுக்குள்ள. ஆந்தையைப் படம் பிடிக்க மரத்துல தன்னையே கயித்தால கட்டிக்கிட்டு, முடிச்சை அவுக்க முடியாம ரெண்டு நாள் தொங்கினவரு. கரடி துரத்தினப்போ ஓடாம நின்னு, "வெளிச்சம் பத்தலை, இந்தப் பக்கம் வா"ன்னு கூப்பிட்டதா அவரே சொல்லிக்குவாரு. பாதி புளுகுன்னு வச்சுக்குங்க. மீதிப் பாதிக்கு உடம்புல தழும்பு இருந்துச்சு.

அவரோட ஒரே ஆசை கருஞ்சிறுத்தை. அந்தக் காட்டுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு வனத்துறை அடிச்சுச் சொன்னாங்க. இவரு இருக்குன்னாரு. இருபது வருஷம் அலைஞ்சாரு, வாலைக்கூடப் பாக்கலை. கடைசியா, எதிர்ல எது அசைஞ்சாலும் தானா படம் எடுக்கிற கேமரா ஒண்ணைத் தண்ணிக் குட்டைப் பக்கத்து மரத்துல கட்டினாரு. இடத்தைச் சம்சாரத்துகிட்ட மட்டும் சொன்னாரு. அடுத்த வாரம் ஸ்டுடியோவுல டியூப்லைட் மாத்த முக்காலி மேல ஏறினவரு, விழுந்து செத்துப்போனாரு. கரடிக்குத் தப்பின மனுஷன்.

ஒரு மாசத்துக்கு மேல போச்சு. அந்தக் காட்டோட வனக்காவலரை அதிகாரி சஸ்பெண்ட் பண்ணிட்டாரு. "நாப்பது நாளா காட்டுக்குள்ள காலே வைக்கலை, வீட்டுல இருந்துகிட்டே கையெழுத்து போட்டிருக்கான்"னு குற்றச்சாட்டு. வேலையே போற கேஸ். வனத்துறை ஊழியர் சங்கத்துல அதை எங்கிட்ட தள்ளினாங்க.

"நீ போனதுக்குச் சாட்சி யாருய்யா?"

"குரங்குங்க பாத்துச்சு அண்ணே."

விளங்கிடும்னு நினைச்சேன்.

எங்க சங்க ஆபீசுக்குக் கீழ்தான் ஸ்டுடியோ. ஸ்டுடியோக்காரர் சம்சாரத்தை அக்கான்னுதான் கூப்பிடுவேன். கேமராவைக் கழட்டிட்டு வர ஆள் வேணும்னு அக்கா கேட்டாங்க. நம்ம காவலரையே அனுப்பினேன். "அந்தக் குட்டைதானே? எனக்கு அத்துப்படி"ன்னு போயிட்டு வந்தாரு.

அக்கா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க. மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு படம். முதல் படம் அணில். மீதியை மடமடன்னு தள்ளிப் பாத்தா ஒரே ஆளு, யூனிஃபார்மோட, தொப்பியை மூஞ்சி மேல கவுத்துட்டு மரத்தடியில மல்லாந்து தூங்குறாரு. புரண்டா ஒரு படம், கொசு அடிச்சா ஒரு படம், சொறிஞ்சா ஏழு படம்.

காவலர் மவுஸைப் பிடுங்கப் பாத்தாரு. "அக்கா, அழிச்சிடுங்கக்கா. இருக்கிற மானமும் போயிடும்."

"என் வீட்டுக்காரரோட கடைசி வேலைப்பா இது. தொட விடமாட்டேன். ஃபோகஸைப் பாரு, உன் பொத்தான்ல நூல் பிரிஞ்சதுகூடத் தெரியுது."

நான் பாத்தது படத்தோட அடியில. தேதி, நேரம். நாப்பது நாளும் விடாம, பகல் பதினோரு மணி.

"யோவ், இதுதான்யா உன் வருகைப் பதிவேடு!"

விசாரணைக்கு நாளுக்கு ஒண்ணா நாப்பது படம் கொண்டுபோனேன். அதிகாரி ஒவ்வொண்ணா புரட்டினாரு.

"தூங்குறானே?"

"எங்க தூங்குறாரு? காட்டுல. வரவே இல்லைங்கிறதுதானே சார் உங்க குற்றச்சாட்டு?"

"அப்ப தூங்கினதுக்குத் தனியா மெமோ கொடுப்பேன்."

"தாராளமா. முதல்ல பழசை வாபஸ் வாங்குங்க."

அவரு லேசுப்பட்ட ஆளில்லை. "தொப்பிக்குக் கீழ யாரு இருக்கான்னு எனக்கெப்படித் தெரியும்? மூஞ்சி தெரியிற படம் ஒண்ணு நாளைக்குக் கொண்டாங்க. இல்லாட்டி வேலை போச்சு."

அக்கா உக்காந்து அத்தனையும் தேடினாங்க. இருநூத்தி ஏழாவதுல தொப்பி விழுந்திருக்கு. ஆளு எழுந்து உக்காந்து, நேரா முழிச்சுப் பாக்குறாரு. "ரெண்டு காதும் தெரியுது, சிரிக்கவும் இல்லை"ன்னு அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பிரிண்ட் போட்டு மறுநாள் நேரா ஆபீசுக்கே கொண்டு வந்தாங்க. அதிகாரி அடையாள அட்டையைப் பக்கத்துல வச்சுப் பாத்தாரு, மூக்கை உறிஞ்சினாரு, சஸ்பெண்டை ரத்து பண்ணிக் கையெழுத்து போட்டாரு.

வெளிய வராந்தாவுலதான் நான் படத்தை ஒழுங்கா பாத்தேன். அடியில தேதி இருக்கு. காட்டைக் காணோம். மூஞ்சிக்குப் பின்னாடி வெறும் வெள்ளை.

"அக்கா, மரமெல்லாம் எங்க?"

"பின்னாடி வெள்ளையா இல்லாட்டி எந்த ஆபீஸ்லப்பா வாங்குறான்? சுத்தம் பண்ணிட்டேன். இவன் தோளுக்குப் பின்னாடி பெருசா, கன்னங்கரேல்னு ஒண்ணு. அதுல மஞ்சளா ரெண்டு புள்ளி வேற. அதை எடுக்கத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு."

"பழைய படம் இருக்கா?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேனே. ஏன்?"

அவங்ககிட்ட எந்த வாயால சொல்றது? காவலர் பக்கம் திரும்பினேன்.

"அன்னிக்கு ஏன்யா அப்படி முழிச்சே?"

"பிடரியில யாரோ சூடா மூச்சு விட்டாங்க அண்ணே. அதிகாரி வந்துட்டாருன்னு நினைச்சு அசையாம இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பினா யாருமில்லை. போயிட்டாருன்னு மறுபடி படுத்துட்டேன்..."

சொல்லச் சொல்லவே அவருக்குப் புரிஞ்சிடுச்சு. வேலையில சேரச் சொன்ன உத்தரவை மடிச்சு என் பையிலயே திணிச்சாரு.

"அண்ணே, டிரான்ஸ்பருக்கு ஒரு மனு எழுதித் தாங்கண்ணே. இப்பவே. ஏதாவது ஆபீஸ் வேலை."

வராந்தா பெஞ்சுல உக்காந்து எழுதிக் கொடுத்தேன். மனுவுல ஒட்ட அக்காவே அந்தப் படத்துல ஒண்ணை எடுத்து நீட்டினாங்க. எட்டு காப்பி போட்டிருந்தாங்க.