முப்பத்திரண்டிலிருந்து மூன்று

மின்கட்டண அலுவலகத்தின் மூன்றாவது கவுன்டரில் உட்காரும் அக்காதான் பதினாறு வருடமாக நாட்டின் பெண்கள் ஹேண்ட்பால் அணிக்குக் கோல்கீப்பர் என்று சொன்னால் வரிசையில் நிற்பவர்கள் நம்பமாட்டார்கள். நம்பினாலும், "ஓ, வாலிபாலா?" என்பார்கள். கைப்பந்து என்று சொன்னால் அது வாலிபாலாகிவிடுகிறது. எறிபந்து என்றால் பள்ளிக்கூடத்து விளையாட்டாகிவிடுகிறது. பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் என்று விளக்கி விளக்கியே அவளுக்கு வாய் வலித்துப் போனது.

முதல் வெளிநாட்டு ஆட்டத்தில் முப்பத்திரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். எதிரணிக்காரிகள் பந்தில் பிசின் தடவி ஒரே கையால் அள்ளி எறிந்தார்கள். சிமென்ட் தரையில், வெறும் பந்தில் பழகிய இவர்கள் அந்தப் பிசின் பந்தை எறியப் போனால், பந்து விரலில் ஒட்டிக்கொண்டு காலடியிலேயே விழுந்தது. கம்பங்களுக்கு நடுவில் நின்று அவள் தொடை, தோள், மூக்கு எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாள்.

அடுத்த முறை இருபத்தாறு. அப்புறம் பத்தொன்பது. சரி, தேறிவிட்டோம் என்று மூச்சுவிடுவதற்குள் ஹேண்ட்பால் சங்கம் இரண்டாக உடைந்தது. எது அசல் சங்கம் என்று இரு தரப்பும் கோர்ட்டுக்கு நடந்ததில் நாலு வருடம் வெளிநாட்டுப் போட்டியே இல்லை. முன்பு இவர்களிடம் தோற்ற பக்கத்து நாட்டுக்காரிகள் அதற்குள் நல்ல பயிற்சியாளரைப் பிடித்து எங்கேயோ போய்விட்டார்கள். திரும்பிப் போனபோது அவர்களிடமே இவர்களுக்குப் பழையபடி முப்பது கோலில் தோல்வி.

உள்ளரங்கத்தில் பிசின் தடவி ஆடலாமா என்று கேட்டால், "தரை நாசமாயிடும்மா" என்றார் காவலாளி. ஒரு காலிக் கிடங்கைப் பிடித்து, விடியற்காலையில் பெண்களே பிசின் தடவிப் பழகினார்கள். மூன்று வருடம். இந்த முறை அதே பக்கத்து நாட்டிடம் மூன்றே கோலில்தான் தோல்வி!

ஊர் திரும்பியதும் விளையாட்டுத் துறை அதிகாரி கூப்பிட்டார்.

"மறுபடியும் தோத்துட்டீங்களேம்மா."

"மூணு கோல்லதான் சார்."

"மூணோ முப்பதோ, தோல்வி தோல்விதானே? படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த முப்பதுக்கும் மூணுக்கும் நடுவுல என் வயசு போயிருக்கு சார்! உங்க வீட்டு கரன்ட் பில்லுல மூணு யூனிட்டும் முப்பது யூனிட்டும் ஒண்ணுதான்னு நான் போட்டா சும்மா இருப்பீங்களா?"

அதிகாரி பேனாவை மூடினார். "சரி, கோவப்படாதீங்க. என்னதான் வேணும்?"

"உள்ளரங்கம். வாரத்துல நாலு நாள். பிசினோட."

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு நாள்தான். பிசின் தடவலாம், ஆனால் ஆடியவர்களே தரையைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆட்டம், ஒரு மணி நேரம் தேய்ப்பு. முதல் நாள் பதினான்கு பேரும் முழங்காலிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் தரையைத் தேய்த்தபடி துறையை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் எல்லாரையும்விட உரக்கத் திட்டினாள்.

அடுத்த பயிற்சிக்குப் பதினான்கு பேரும் வந்திருந்தார்கள்.