சுவரில் இரண்டு தட்டு

எங்கள் வீட்டு முன்னறைக்கும் பாயின் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே சுவர். பெரிய மெஷினை அவர் போட்டாரென்றால் எங்கள் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடும். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டே சென்னைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து தரலாம் என்று நான் ஆரம்பித்த புதிதில், காலையிலிருந்து கட்டிய பக்கம் முழுக்க ஒருநாள் அப்படித்தான் போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நேரே மில்லுக்குப் போய், வரிசையில் நின்ற பெண்கள் முன்னாலேயே கத்தித் தீர்த்தேன். முகமெல்லாம் மாவாக நின்ற பாய் பொறுமையாகக் கேட்டார்.

"மெஷின் போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்தா போதுமாம்மா?"

மெஷின் பக்கத்தில் குரல் எங்கே கேட்கும்? அதனால் சுவரில் இரண்டு தட்டு என்று ஏற்பாடு. அவர் தட்டுவார். நான் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திச் சேமித்துவிட்டுத் திருப்பித் தட்டுவேன். பதில் வராமல் அவர் சுவிட்சில் கை வைத்ததே இல்லை. நாளடைவில் எங்கே டொக்கென்று கேட்டாலும் என் விரல் தானாகச் சேமிக்கப் போனது. கோயிலில் தேங்காய் உடைத்தால்கூட!

நான் அடுப்படியில் இருந்தால் என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், எனக்குப் பதிலாகத் தட்டிவிடுவார். சேமிக்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்பதால் அதில் ஆபத்தில்லை. "கம்பியூட்டரு வேலைல பாதி நான்தான் செஞ்சிக்கினு கீறேன்" என்று தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

என் கணவருக்குத் தாம்பரத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வந்து அலுத்துவிட்டது அவருக்கு. "கரண்டுக்கே இங்க திண்டாடிக்கினு கீறே. நீ இப்ப வெப்சைட்டு செஞ்சிக்கினு கீறியே, இந்த டூர் கம்பெனி வேலை மாசாமாசம் வர்றாப்ல ஆச்சின்னா இங்கயே இருக்கலாம். இல்லன்னா ஆடி முடிஞ்சதும் வூட்ட காலி பண்ணிட்டுத் தாம்பரம் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கும் போக இஷ்டமில்லை, எனக்கும் இல்லை.

அந்த வெப்சைட்டை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டிய நாள் எப்போது வந்து வாய்த்தது தெரியுமா? அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள். ஊரே கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு மில் வாசலில் நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி முதலாளி திறந்து பார்ப்பார். எங்கள் டெலிபோன் லைனிலோ ஒவ்வொரு படமும் நகர்ந்து நகர்ந்துதான் ஏறும்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு நம்ம ஊர்ல இருக்கணுமா, தாம்பரம் போவணுமா? நீங்களே சொல்லுங்க."

திருப்புலிவனத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கூடையை இறக்கிவைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கூழு நாளைக்குத்தானே. ஆவட்டும் பாய்."

கடைசிப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சுவரில் இரண்டு தட்டு. முடிந்துவிட்டதா என்று கேட்கத்தான் பாய் தட்டியிருக்கிறார். முன்னறையில் இருந்த அத்தை, பழக்கதோஷத்தில், திருப்பித் தட்டிவிட்டார். மெஷின் உறுமியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

"ஐயோ அத்தை!"

"பாவி நானு, கை தானா போயிடுச்சேடி!" என்று அவர் அழவே ஆரம்பித்துவிட்டார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. என் அலறல் கேட்டு அந்தப் பக்கம் பெண்கள் "நிறுத்து பாய், நிறுத்து!" என்று கூச்சல் போட, மெஷின் நின்றது.

நல்லவேளை, எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் மொத்தமாக ஏற்றமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஏற்றுவேன். முகப்புப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். அது ஏறும்வரை அரைகுறை வேலை எதுவும் யார் கண்ணிலும் படாது. அதனால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ள முடிந்தது. அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முகப்பு ஏறியது. பிறகு முதலாளி போன் செய்தார். "நல்லாருக்கு. இனிமே மாசாமாசம் நீங்களே பாத்துக்குங்க."

ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினேன் பாருங்கள், உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மெஷின் ஓடியது, கம்ப்யூட்டர் அணைந்தது, நான் சேமிக்கக்கூட இல்லை. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாம்பரம் பேச்சை என் கணவர் அதோடு விட்டார். பொங்கலுக்கு அவரே ஒரு யூபிஎஸ் வாங்கி வந்தார். இனி மில் ஓடினாலும் கம்ப்யூட்டர் அணையாது. பாய்க்கு இது தெரிந்தால் தட்டுவதை நிறுத்திவிடுவாரே என்று நான் மூச்சு விடவில்லை. அவர் பாட்டுக்குத் தட்டினார், நானும் தட்டினேன். ரொம்ப நாள் கழித்து, அரிசி அரைக்கப் போனபோது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"பாய், எங்க வூட்ல யூபிஎஸ் கீது. இனிமே நீங்க தட்ட வேணாம்."

"தெரியும்மா. ஆட்டோலருந்து அந்தப் பொட்டிய இறக்கிக் குடுத்ததே நான்தானே."

"பின்ன இன்னாத்துக்கு இத்தினி நாளா தட்டிக்கினு கீறீங்க?"

அவர் என் தூக்கில் மாவை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார். "நீ திருப்பித் தட்னாதானேம்மா, நீ இன்னும் ஊரவுட்டுப் போவலன்னு எனக்குத் தெரியும்."