வினாயகமூர்த்தியின் பிளொப்பி

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். கெஞ்சி நம்பவைக்க எனக்குப் பொறுமை இல்லை. என் கண்ணால் பார்த்தது, என் காதால் கேட்டது. 'நோர்மன், அன்றைக்குக் குடித்திருந்தாயா?' என்று எத்தனையோ பேர் கேட்டாயிற்று. நான் குடிக்கிறவன்தான். அன்றைக்குக் குடிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. மட்டக்களப்பு டவுனில் டைப்ரைட்டர், ரேடியோ, கொம்பியூட்டர் என்று அகப்பட்டதையெல்லாம் திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கல்லடியிலிருந்து அன்னப்பூரணியக்கா ஆள் அனுப்பினார். கொம்பியூட்டரில் பிளொப்பி டிரைவ் வேலை செய்யவில்லையாம். கழற்றி அனுப்புங்கள் என்று சொல்லவும் வழியில்லை. வயரும் மோட்டாருமாக ஒரு தகரப் பெட்டியைப் பாலத்து ஆமிச் சென்றியில் காட்டினால், குண்டென்று பிடிபட்டு, கொண்டுவருகிறவன் வீடு போய்ச் சேரமாட்டான். நானே போனேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவருக்கே ஆமிக்காரனிடம் பெரிய விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அது அவருடைய மகன் வினாயகமூர்த்தியின் கொம்பியூட்டர். அக்காவுக்குப் புருசனும் இல்லை, சொந்தமும் இல்லை. இருந்தது அவன் ஒருவன்தான். ஒரு சுற்றிவளைப்பில் ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகியிருந்தது. வீட்டிலிருந்த பிளொப்பிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். முகாம் வாசலில் மாதக்கணக்காக நின்று அக்கா திரும்பப் பெற்றது ஒன்றே ஒன்று. மேலே அவன் கையெழுத்தில் 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. கொம்பியூட்டர் பேசும் என்று தாய்க்குக் காட்ட, தன் குரலை அதில் பதிந்து வைத்திருந்தான்.

மறுநாள் காலை ஊர் அலுவல் பார்க்கிற கிராம அதிகாரி, விதானையார், வருவதாக இருந்தது. மகன் இறந்துவிட்டான் என்று அக்கா கையெழுத்து வைத்தால் மரணப் பத்திரமும் நட்டஈடும் கிடைக்கும். பிடித்துப் போனவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பெற்றவள் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நல்ல நியாயம்!

"அவன்ட குரல ஒருக்காக் கேட்டுப்போட்டுத்தான் தம்பி நான் முடிவு சொல்லுவன்" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உப்புக் காற்றில் எல்லாம் துருவேறியிருந்தது. பிளொப்பியைப் படிக்கிற ஹெட்டில் அழுக்கு அப்பியிருந்தது. ஸ்பிரிட் இல்லை என்று அக்கா ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் கொண்டுவந்தார். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். வயர்களைக் கழற்றி மாட்டினேன். என்னிடமிருந்த பிளொப்பியைப் போட்டேன். சுத்தமாகப் படித்தது.

அவருடையதைக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார். பாடுபட்டு வாங்கியதை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டாராம். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்துத் தானே தள்ளினார்.

டக்... டக்... கர்ர்ர்...

டிரைவ் தயாரில்லை என்றது திரை. உள்ளே ஒன்றுமே இல்லாதபோது வருகிற செய்தி அது. எனக்கு எரிச்சல் வந்தது. எடுத்துப் போடச் சொன்னேன். திரும்பவும் அதே செய்தி. என்னுடையதைப் போட்டால் படிக்கிறது. அவருடையதைப் போட்டால் இல்லை. ஊரடங்கு நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இது சரிவராது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அக்கா அழவில்லை. டிரைவின் வாயில் விரலை வைத்தார்.

"மனே... ஒருக்காக் கதை மனே."

பச்சை லைட் பற்றியது.

நான் ஒன்றையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். பிறகு ஓர் இளம் குரல். "அம்மா, கொம்பியூட்டர் கதைக்கிது. கேக்குதா?" பின்னால் ஒரு பெண்ணின் சிரிப்பு. அக்காவின் சிரிப்புத்தான். இந்த மனுசி இப்படியும் சிரித்திருக்கிறார்.

ஆறு இருபதுக்குக் கரண்ட் போனது. தெருவே இருண்டது. திரை அணைந்தது.

டிரைவ் நிற்கவில்லை.

கர்ர்ர்...

பின்னால் இருந்த வயர் முழுவதையும் பிடுங்கினேன்.

கர்ர்ர்... டக்.

"அம்மா... நான் செத்திட்டனெண்டு எழுதிக் குடுத்திராதீங்க."

அதே குரல்.

ஆனால் கிட்ட... மிகக் கிட்ட.

டிரைவின் லைட் அணைந்தது.

"இது முந்தி இதில இருக்கல்ல" என்றார் அக்கா. குரலில் பயமே இல்லை. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. ஊரடங்கு விழுந்துவிட்டதால் பக்கத்து வீட்டில் போய் ஒதுங்கினேன். கண்ணை மூடவில்லை.

காலையில் விதானையார் வந்தார். அக்கா கையெழுத்து வைக்கவில்லை. மகன் இருக்கிறான், நேற்றும் கதைத்தான் என்றார். விதானையார் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து அக்கா என் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பொழுதுபட்டால் அவன் கதைக்கிறானாம். பிளொப்பி தேய்ந்துவிடும் என்று பயமாம். அதிலிருப்பதை இன்னொன்றில் பதிந்து ஒரு கொப்பி எடுத்துத் தரச் சொல்லி, முதன்முறையாக அதை என் கையில் கொடுத்தார்.

பாரமே இல்லை.

திருப்பிப் பார்த்தேன். நடுவில் இருக்கவேண்டிய இரும்பு வட்டம் இல்லை. ஓட்டைதான் இருந்தது. பிளொப்பியின் தகரக் கதவை நகத்தால் தள்ளினேன். உள்ளே கறுப்புத் தட்டு தெரிய வேண்டும். அந்தப் பக்கம் இருந்த என் விரல் தெரிந்தது.

ஓரத்தை பிளேட்டால் வெட்டி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, திரும்ப ஒட்டியிருந்தார்கள். வாசலில் நின்று கெஞ்சிய தாய்க்கு வெறும் கூட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பாவிகள். அதைத்தான் அன்று அவர் டிரைவில் தள்ளினார்.

கொப்பி எடுக்க ஏலாது என்று மட்டும் சொன்னேன். அவர் பிளொப்பியை வாங்கிச் சேலைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பினார்.

"மறுகா இன்னொண்டும் சொல்றான் தம்பி. தானிருக்கிற இடத்துக்கு என்னையும் வரட்டாம்."

அதற்குப் பிறகு அன்னப்பூரணியக்காவை ஒருவரும் காணவில்லை. வீடு பூட்டாமல் கிடந்தது. உடுப்பு, அடையாள அட்டை, செருப்பு எல்லாம் இருந்தன. பிளொப்பி மட்டும் இல்லை.

இப்போது விதானையாரிடம் இரண்டு பேருடைய மரணப் பத்திரம் எழுதாமல் கிடக்கிறது. கையெழுத்து வைக்கத்தான் ஒருவரும் இல்லை.