துணியில் வந்த புகை வாடை

என் பழைய காருக்குப் புதுக் கார்பரேட்டரும் புகை வெளியேறும் எக்சோஸ் குழாயும் புதிதாகப் போட்ட கதை நம் மின்னஞ்சல் குழுவில் எல்லாருக்கும் தெரியும். போட்டபின் புகையைச் சோதித்ததில் கார்பன் மோனாக்சைடு ஐந்து சதவீதத்திலிருந்து இரண்டாக இறங்கியிருந்தது.

“கார் நிக்கிற போர்ச்சுல காயற துணியெல்லாம் புகை வாடை அடிக்குதுங்க” என்றாள் மனைவி.

சோதனைச் சீட்டைக் காட்டி அவள் வாயை அடைத்தேன்.

இன்று காலை கிள்ளானில் மெக்கானிக் சேகர் அண்ணனிடமும் அதே சீட்டைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஈரத்துணியால் குழாயின் வாயை அடைத்தார். வண்டிக்கு அடியில், குழாய் இணைப்பில் ‘புஸ்’ஸென்று சத்தம்.

“இங்க லீக் ஆவுது லா, பாஸ். வெளிக்காத்து உள்ள போய் புகையோட கலக்குது. அதான் மெஷின்ல கம்மியா காட்டுது.”

இணைப்பை இறுக்கி மறுபடி சோதித்தார். ஆறு சதவீதம்!

“கார்பரேட்டர் பெட்ரோல அள்ளி ஊத்துது. வீட்ல யாருமே வாடை அடிக்குதுன்னு சொல்லலையா?”

மெஷின் பொய் சொல்லவில்லை. பிடித்த எண் வந்ததும் நான்தான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன்.

புதுச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. இதை வீட்டில் எப்படி நீட்டுவது? கல்யாணமானவர்கள் மட்டும் பதில் எழுதவும்.