மடித்து வந்த பதினேழாம் எண்

ஆஸ்திரேலியாவின் வாரினா என்ற ஊரில், ஃபுட்டி என்கிற கால்பந்துக் கிளப்பில் நோரீன் ஹாகெட் கைபடாத ஜெர்சி கிடையாது. இருபத்தாறு வருஷம்! ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் சேறும் வேர்வையுமாகக் கழற்றித் தரையில் வீசுவார்கள். "உங்களப் பெத்தவங்க அழுக்குக் கூடை காட்டி வளக்கலியாடா?" என்று திட்டிக்கொண்டே பொறுக்கிப்போய்த் துவைத்துக் காயப்போடுவாள்.

போன வருஷம் கமிட்டி அவளையே உறுப்பினர் நலனுக்குப் பொறுப்பாளியாக்கியது. மனமொடிந்தவர்களைக் கண்டுகொள்ள ஒருநாள் பயிற்சியும் கொடுத்தார்கள். தன் பொருள்களை ஒருவன் ஒழுங்குபண்ணி ஒப்படைக்கத் தொடங்கினால், சிரிக்கிறானே என்று விட்டுவிடாதீர்கள், உட்காரவைத்துக் கேளுங்கள் என்றார்கள். நோரீன் அதைத் தன் கையாலேயே பெரிதாக எழுதி, உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டினாள்.

பதினேழாம் எண் ராஸ் பெக்கெட்டுடையது. மழை பொய்த்து இரண்டு வருஷமாகக் கோதுமை கருகிப்போன விவசாயி. யார் கேட்டாலும் "பரவாயில்ல, குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்பான். அந்த ஊரில் கால் முறிந்தவனும் அதைத்தான் சொல்வான்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து எண்ணினால் பதினேழைக் காணோம். வியாழக்கிழமை பயிற்சிக்கு ராஸ் அதைக் கொண்டுவந்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து.

"உங்களுக்கு ஒரு வேலை மிச்சம், நோரீன்."

"அடடே! பாத்துக்கோங்கடா, ஒருத்தனாவது துவைக்கக் கத்துக்கிட்டான்! இவன மாதிரி இருங்கடா!"

எல்லோரும் கைதட்டினார்கள். ராஸும் சிரித்தான். கதவில் ஒட்டியிருந்த தாளைத் தாண்டித்தான் வெளியே போனான்.

சனிக்கிழமை அவன் ஆட வரவில்லை. வெள்ளிக்கிழமையே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது, நோரீன்" என்றார் கிளப் தலைவர். ஆனால் கதவில் அதை எழுதி ஒட்டிய அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாவி, அவனுக்குக் கைதட்டல் அல்லவா வாங்கிக் கொடுத்தாள்! சவ அடக்கத்தில் அந்த ஜெர்சியைப் பெட்டிமேல் விரித்தபோது மடிப்புக் கோடு அப்படியே இருந்தது.

அடுத்த ஆட்டம் நடந்தது. முடிந்ததும் தரையில் ஒரு ஜெர்சிகூட இல்லை. வியாழக்கிழமை அவள் உள்ளே வந்தாள். மேசைமேல் இருபத்தொரு ஜெர்சிகள். எல்லாம் துவைத்து மடித்தவை.

"உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்" என்றான் கேப்டன் டெர்மட்.

நோரீன் இரு கைகளாலும் மொத்தத்தையும் தரையில் தள்ளினாள்.

"துவைக்காதீங்கடா! எனக்கு யாரும் மடிச்சுக் கொடுக்காதீங்க! சேத்தோட வீசுங்க, நான் பொறுக்கிக்கிறேன்!"

அவள் டெர்மட்டின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ எப்படி இருக்க?"

"பரவா..."

"அதச் சொல்லாத. எப்படி இருக்க?"

அந்த ஆறடி மனிதனின் உதடு கோணியது. "தூக்கமே வரல, நோரீன்."

அவள் பெஞ்சை இழுத்துப் போட்டாள். ராஸுக்குப் போடாத பெஞ்சு.

"உக்காரு" என்றாள்.