இறக்க விடாத ஃப்ளெக்ஸ்

மங்களாம்பிகை அக்காவிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் பூதலூரில் இல்லை. நான் எதிர் வீடு என்பதால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். மேலே யாராவது வாய்க்காலை அடைத்துத் தண்ணீர் வராமல் போனால் மற்றவர்கள் மனு எழுதுவார்கள். அக்கா மண்வெட்டியோடு போய் மடையிலேயே உட்கார்ந்துவிடுவார். பொம்பளை பவர் டில்லர் ஓட்டுவதா என்று சிரித்தவர்களின் வயலையும் கடைசியில் அவர்தான் உழுது கொடுத்தார். கணவர் சிங்காரவேலு அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

இவர்களுக்கு ஒரே பெண், வானதி. நர்சிங் படித்துவிட்டு அயர்லாந்துக்கு வேலைக்குப் போனாள். அதுவரை சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெருமைதான். அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாள். நாடகத்தைப் பார்த்த யாரோ கூப்பிட, அந்த நாட்டு டி.வி. தொடர் ஒன்றில் நடித்தும் விட்டாள். அத்தோடு பெருமை காற்றில் போயிற்று.

சிங்காரவேலுவின் அண்ணன் நெடுஞ்செழியன்தான் அந்தக் குடும்பத்தில் பெரிய தலை. ரைஸ் மில் வைத்திருக்கிறார். சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் சீரியல்கள் எல்லாம் முடிந்துதான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவருக்குத் தம்பி மகள் நடித்தது மட்டும் பொறுக்கவில்லை.

"நம்ம வீட்டுப் பொண்ணு கூத்தாடியா?" என்று வீட்டுக்கே வந்து கத்தினார். பங்குனியில் திருக்கடையூரில் சிங்காரவேலுவுக்கு அறுபதாம் கல்யாணம் நடப்பதாக இருந்தது. தம்பதியை உட்கார வைத்துக் கலசத் தண்ணீர் ஊற்றும்போது, பெற்ற பிள்ளை ஊற்றிய பிறகுதான் மற்றவர்கள் ஊற்றுவார்கள். அதிலும் கை வைத்தார் மனுஷன். "அவ ஊத்தக் கூடாது. எம் பையன் சதீஷ் ஊத்துவான். அவ வந்து நின்னா நானும் வரமாட்டேன், நம்ம சனமும் வராது."

வராமல் போங்கள் என்று அக்கா அப்போதே சொல்லியிருப்பார். ஆனால் அண்ணன் பேச்சைத் தட்டி அறியாத சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். விஷயம் வானதி காதுக்கும் போனது. "நான் வரலம்மா. அப்பாவுக்கு எதுக்குச் சங்கடம்?" என்று அவளே சொல்லிவிட்டாள். பெற்றவர்கள் மாலையும் கழுத்துமாக உட்கார, ஒற்றைப் பிள்ளை கடலுக்கு அப்பால் இருப்பதா? அக்காவுக்கு அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

அந்தத் தொடரை அக்கா என் போனில்தான் பார்த்தார். வானதிக்கு முதியோர் இல்லத்து நர்ஸ் வேடம். வந்தே பார்க்காத மகன் ஒருவன், அப்பா கிடையில் விழுந்த பிறகு சொத்துப் பேச வருகிறான். அவனை உன் மொழியிலேயே திட்டு என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து, மூச்சு விடாமல் தமிழில் திட்டுகிறாள். அந்த வெள்ளைக்காரன் ஒரு வார்த்தை புரியாமலே கூனிக் குறுகிப் போகிறான்.

"அடிப் பாவி! இது என் திட்டு. மடைய அடைச்சவன நான் திட்டுன திட்டு!" என்று அக்கா போனையே என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போடச் சொன்னார். மகள் நடித்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது.

அயர்லாந்தில் தங்கள் நாட்டுப் படங்களுக்கும் டி.வி. நாடகங்களுக்கும் தேசிய அளவில் விருது கொடுத்து டப்ளினில் விழா எடுக்கிறார்கள். அதில் குணச்சித்திர நடிகைக்கான இறுதிப் பட்டியலில் வானதியின் பெயர் வந்தது. தஞ்சாவூர்ப் பத்திரிகையில் போட்டோவோடு செய்தி போட்டார்கள்.

நெடுஞ்செழியன் தலைப்பை மட்டும் படித்தார். மறுநாள் பஸ் ஸ்டாப் எதிரில், அக்காவின் வயல் வரப்பில் நிற்கும் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் தொங்கியது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அயர்லாந்து நாட்டின் தேசிய விருதை வென்ற எங்கள் குலவிளக்கே, வருக!" அதன் கீழே நெடுஞ்செழியன் இரண்டு ஆள் உயரத்துக்குக் கைகூப்பிச் சிரித்தார். பக்கத்தில் கூலிங் கிளாஸோடு சதீஷ். மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு வானதி. பெற்றவள் போட்டோ எங்குமே இல்லை.

"மாமா, விருது இன்னும் குடுக்கவே இல்லீங்க. பட்டியல்ல பேருதான் வந்துருக்கு" என்றார் அக்கா.

"வந்துரும்மா. எலக்சன்ல எண்ணி முடிக்கிறதுக்குள்ள நாம வெடி போடுறதில்லையா? அறுபதுக்கு அவளே வந்து ஊத்தட்டும். விருதக் கையில எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

விழா முடிந்த மறுநாள் காலையில் அக்கா உளுந்துக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். போன் வந்தது.

"அம்மா, கெடைக்கல." அம்மா அனுப்பிய திருபுவனம் பட்டுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாளாம். வேறொரு நடிகை பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டினாளாம். "அதெல்லாம் பரவால்லம்மா. சதீஷ் அந்த பேனர் போட்டோவ அனுப்பிருக்கான். ஊருக்கு வர எனக்கு மூஞ்சியே இல்ல. அத எறக்கச் சொல்லு. நான் வரல."

அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நெடுஞ்செழியன் எதிரில் வராதது அவர் செய்த புண்ணியம்.

விஷயம் காதுக்குப் போயும் அவர் வரவில்லை, ஏணியோடு ஆட்களை அனுப்பினார். ஃப்ளெக்ஸை இறக்கவும், வானதி வரவேண்டாம், சதீஷே ஊற்றுவான் என்று சொல்லவும். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மரம் யாருது?"

"உங்களுதுதாங்க."

"அப்ப ஏணியத் தூக்கிக்கிட்டு நடங்க."

அடுத்து ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்த உபைதுல்லாவை வரவழைத்தார். எழுத்து இருக்கும் இடத்தை மறைத்து ஒட்ட ஒரு பட்டை அடிக்க வேண்டும் என்று வாசகத்தைச் சொன்னார். உபைதுல்லா எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அக்கா, என் பொழப்புல இப்படி ஒண்ணு அடிச்சதே இல்லக்கா. டெபாசிட் போனவருக்குக்கூட நன்றின்னுதான் போடுவோம்."

"இப்ப அடி."

"பெரியவர் போட்டோவ எடுத்துரட்டுமா?"

"அதத் தொடாத. அப்படியே சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

மத்தியானத்துக்குள் பட்டை ஏறிவிட்டது. "அயர்லாந்து தேசிய விருது எங்கள் வானதிக்குக் கிடைக்கவில்லை. இறுதிப் பட்டியல் வரை போனாள், எங்களுக்குப் பெருமை. அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறாள். முதல் கலசம் அவள்தான் ஊற்றுவாள்." கீழே நெடுஞ்செழியன் கைகூப்பி அதை அப்படியே வழிமொழிந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் படித்தார்கள்.

அரிவாளோடு வந்தார் நெடுஞ்செழியன். டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"தோத்தவளுக்கு எம் மூஞ்சிய வச்சு பேனரா? குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வக்கிறியா?"

"மூஞ்சிய வச்சது நீங்க. வெட்டுறதுன்னா வெட்டுங்க. அவரு மூஞ்சிய அவரே கிழிச்சாருன்னு ஊரு பேசட்டும்."

அரிவாள் கயிறு வரைக்கும் போனது. அப்போதுதான் சிங்காரவேலு வரப்பிலிருந்து ஏறி வந்து மரத்தில் கை வைத்து நின்றார்.

"விடுங்கண்ணே. ஜெயிச்சா எம் பொண்ணு, தோத்தா யாரு பொண்ணு? அவதான் ஊத்துவா. உங்களுக்கு இஷ்டம்னா வாங்க."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி ஊர் கேட்டதில்லை. நெடுஞ்செழியன் தம்பியைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார், மேலே சிரிக்கும் தன்னையே ஒருமுறை பார்த்தார். வந்த வழியே போய்விட்டார். அக்கா கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே வானதி கூப்பிட்டாள். யாரோ புது போட்டோவையும் அவளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நான் தோத்தத நீயே ஊருக்கெல்லாம் தமுக்கு அடிச்சிட்டியேம்மா!"

"ஆமான்டி, நான்தான் அடிச்சேன். இனிமே ஒன் எதுக்க வந்து குத்திக் காட்ட எவன்கிட்டயும் ஒண்ணும் மிச்சம் இல்ல. தலைய நிமித்திக்கிட்டு வா."