அலாஸ்கா வளைவுல நான் எடுத்த வீடியோ

என் மக வெளிநாட்டுல நர்சு. போன வருஷம் லீவு போட்டு, அவ புருஷனையும் என்னையும் அலாஸ்கா பக்கம் போற சுற்றுலாக் கப்பல் ஒண்ணுல ஏத்திட்டா. நான் நாப்பது வருஷமா மைசூர்ல குடியிருக்கறவ. எனக்குத் தெரிஞ்ச தண்ணி காவேரித் தண்ணி, அதுவும் குழாய்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்றது. மூணாங்கிளாஸ்ல பள்ளிக்கூடம் எனக்குப் புளிச்சுப்போச்சு, பள்ளிக்கூடத்துக்கும் நான் புளிச்சுப்போனேன். ஆனாலும் கப்பலைப் பார்த்து நான் ஒண்ணும் வாயைப் பொளக்கலை. எங்க ஊர் அரண்மனையைத் தூக்கித் தண்ணியில மெதக்க விட்ட மாதிரி இருந்துச்சு, அஷ்டே, அவ்வளவுதான். என்ன, இங்க செருப்பைக் கழட்டிட்டு உள்ள வான்னு யாரும் வெரட்டலை.

மகளுக்குக் கப்பல் மேல ஆசை இல்லை. கப்பல் ஒரு ஊர்ல நிக்கும், அங்கிருந்து மலை மேல ஒரு பழைய ரயில் ஏறும், அதுல போகணும். அதுலயும் ரயிலு முச்சூடும் வேண்டாம். ஒரே ஒரு வளைவு. ஒசரமான பாலத்து மேல ரயில் வில்லு மாதிரி வளையுமாம். கடைசிப் பெட்டியில உக்காந்தா, நம்ம எஞ்சினே நமக்கு முன்னால மலைக்குள்ள பூர்றது தெரியுமாம். பத்து வருஷமா டூட்டிக்குப் போறப்ப வர்றப்பெல்லாம் போன்ல அந்த வளைவைத்தான் பார்த்துக்கிட்டுக் கெடந்திருக்கா.

ரயிலுக்கு மொத நாள் கப்பல்ல சிப்பி வச்சாங்க. இவ ஓட்டோட வாயில வச்சு உறிஞ்சினா. நான் வீட்டுல இருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைச் சோத்துல போட்டுப் பெசைஞ்சேன்.

"ஐயோ அம்மா, கையில பெசையாத. எல்லாரும் பாக்கறாங்க."

பாத்தவங்களும் நல்லா இருந்தாங்க, பெசைஞ்சவளும் நல்லா இருந்தேன். சிப்பி தின்னவதான் விடிய விடியக் கக்கூஸை விட்டு வரலை. காலையில கப்பல் டாக்டரு வந்து, ரெண்டு நாளைக்கு ரூமை விட்டு வெளிய வரக்கூடாதுன்னுட்டாரு.

நாப்பது தாண்டின பொம்பளை, ஊருக்கே ஊசி போடறவ, தலைகாணியில மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுதா. "நாங்களும் போகலை, உங்கூடவே இருக்கோம்"னேன். எந்திரிச்சு உக்காந்துட்டா.

"நீ போற. போயி எனக்கு அந்த வளைவை எடுத்துட்டு வர்ற. வேற எதுவும் வேண்டாம்."

"உம் புருஷன் எதுக்கு இருக்காரு? அவரு எடுக்கட்டும்."

"அவரா?" அப்படின்னா. அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை தங்கமான மனுசன், ஆறடி ஒசரம். அந்த ஆறடிக்கு மேல ஒரு அடி கூடப் போக மாட்டாரு. ஸ்டூல் போட்டு பல்பு மாத்துங்கன்னா, "இருட்டு கண்ணுக்கு நல்லதுங்க"ம்பாரு. பாலம்னு காதுல விழுந்தாலே கண்ணு தானா மூடிக்கும். இங்கிலீசு பேசறதுக்கு அவரு, போட்டோ புடிக்கறதுக்கு நானுன்னு முடிவாச்சு.

படுத்துக்கிட்டே என் போன்ல எனக்குப் பாடம் எடுத்தா. செவப்பு வட்டத்தை அமுக்குனா வீடியோ ஓடும், திருப்பி அமுக்குனா நிக்கும். பாத்ரூம் குழாயை வீடியோ எடுத்துப் பழகுனேன். அவ காலை எடுத்தேன். மாப்பிள்ளையோட வழுக்கையையும் எடுத்தேன், நல்லா வந்துச்சு. "பேசாம இதையே மலைன்னு வச்சுக்கயேன்"னேன். மாப்பிள்ளை மெதுவாத் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டாரு.

ரயில்ல கடைசிப் பெட்டியிலயே எடம் கெடைச்சுது. ஆனா ரெண்டு பேரு உக்கார்ற பெஞ்சு. எங்க பக்கம் மாமியாக்காரி மாப்பிள்ளை உக்காந்த பெஞ்சுல உக்கார மாட்டா. மாப்பிள்ளையும் மாமியாளை நிக்க வச்சுட்டு உக்கார மாட்டாரு, அவ சொன்னதை மறுத்தும் பேச மாட்டாரு.

"உக்காருங்கத்தை."

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை."

"நீங்க மொதல்ல உக்காருங்க."

"நான் இப்பத்தான் உக்காந்து எந்திரிச்சேன்."

ரயிலே ஊதிருச்சு. நாங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தோம். முன் பெஞ்சுல தனியா இருந்த ஒரு வெள்ளைக்காரக் கெழவி, நாங்க சண்டை போட்டுக்கறோம்னு நெனைச்சு எங்கையைப் புடிச்சுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. மாப்பிள்ளை பின் பெஞ்சுல உக்காந்தாரு. அவளுக்கு நான் பையில இருந்து கோடுபளே எடுத்துக் குடுத்தேன். எங்க மைசூர்ல வளையமாச் சுட்டு விக்கற முறுக்கு. அவ அதைத் திங்காம வெரல்ல மோதிரமாப் போட்டு எல்லாருக்கும் காட்டுனா. நான் ஒண்ணைக் கடிச்சுக் காமிச்சேன். சொந்த மோதிரத்தைத் திங்கறாளேன்னு பயந்து போயிட்டா.

ரயில் ஏறுச்சு. ஒரு அருவி வந்துச்சு, எடுத்தேன். பார்த்தா என் கட்டைவெரலு. சரி, வளைவுக்குப் பத்திரமா வச்சுக்குவோம்னு போனைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல மைக்குல ஒருத்தன் என்னமோ சொன்னான்.

"அத்தை, அடுத்தது அந்த வளைவுதானாம்"ன்னாரு மாப்பிள்ளை பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தா கண்ணை இறுக்கி மூடியிருக்காரு.

"கண்ணைத் தொறந்து சொல்லுங்க மாப்பிள்ளை."

"காதுலதானுங்கத்தை கேட்டேன். அதுக்குக் கண்ணு எதுக்குங்க?"

பெட்டி முன்னால தொறந்த வாசப்படி மாதிரி ஒரு எடம் உண்டு. கம்பி போட்டிருக்கும், அங்க நின்னாத்தான் எஞ்சின் தெரியும். எல்லாரும் அங்கதான் ஓடுனாங்க. ஓடட்டும். கொள்ளேகால் பஸ்ஸுல எடம் புடிச்ச முழங்கை இது. மொத ஆளா நான்தான் கம்பிகிட்ட நின்னேன். செவப்பு வட்டத்தை அமுக்குனேன். ஓடுது. சரியாத்தான் அமுக்குனேன், அதுல தப்பே இல்லை.

ரயில் வளைஞ்சுது. வெள்ளை வெளேர்னு ஒரு மலை, உச்சியில இருந்து அடி வரைக்கும் விபூதி பூசுன மாதிரி, பளிச்சுன்னு முன்னால வந்து நின்னுச்சு.

நான் பொறந்தது ஹனூர் பக்கம். மாதேஸ்வரன் மலைக்குப் பஸ்ஸுல போறப்ப, வளைவு திரும்பிச் சாமி எடம் கண்ணுல பட்டதும் பஸ்ஸே கையைத் தலைக்கு மேல தூக்கி, அரோகரா போடற மாதிரி "உகே மாதப்பா!"ன்னு சத்தம் போடும். தமிழாளு, கன்னடத்தாளு, கண்டக்டரு, எல்லாரும். டிரைவர் மட்டும் ஒத்தக் கை. சின்னப் புள்ளையில இருந்து வந்த பழக்கம், அலாஸ்கான்னா அதுக்குத் தெரியுமா? ரெண்டு கையும் கூப்புனபடி தலைக்கு மேல போயிருச்சு. போன் நடுவுல மாட்டிக்கிச்சு.

"உகே மாதப்பா!"

பின்னாலிருந்து அந்த மோதிரக் கெழவி கொரலு "ஊகே!"ன்னு கேட்டுச்சு. பொறவு பெட்டி மொத்தமும் "ஊகே!" மைக்குக்காரனும் "ஊகே!" பாலம் முடியற வரைக்கும் போட்டாங்க. பக்தின்னா அவங்ககிட்டத்தான் கத்துக்கணும்.

ரூமுக்குத் திரும்பி வந்தா, மக தலை சீவிப் பொட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, வளைவைப் பார்க்கறதுக்கு. போனைக் குடுத்தேன். ஓட விட்டா. இருட்டு. ஓரத்துல கொஞ்சம் செவப்பா, என் உள்ளங்கை.

"இது என்னம்மா?"

"சொரங்கம்."

"சொரங்கத்துக்குள்ள யாரு மாதப்பாவைக் கூப்புடறது?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை மேல கூரையைப் பார்த்தாரு.

"வளைவு எங்கம்மா?"ன்னா. கொரலு உடைஞ்சுபோச்சு. மாப்பிள்ளையை வெரட்டுனேன். அவரு சாப்பாட்டு ஹாலுக்குப் போயி, எங்க பெட்டியில வந்தவங்களைத் தேடிப் புடிச்சு, எட்டுப் பேருகிட்ட போட்டோ வாங்கிட்டு வந்தாரு. மக ஒண்ணொண்ணாத் தள்ளிப் பார்த்தா. எட்டுலயும் என் முதுகு. ஊதாக் கலர் சொட்டரு, கொண்டை, மேல தூக்குன ரெண்டு கை. இந்தக் கக்கத்துல கொஞ்சம் பனி. அந்தக் கக்கத்துல கொஞ்சம் எஞ்சின்.

"பாலம் எங்க?"

"என் இடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்குது."

"எட்டுப் பேரு போட்டோவுலயும் மறைக்கற அளவுக்கு ஒரு இடுப்பா?"

"உன்னைப் பெத்த இடுப்புடி. அப்புறம் சின்னதாவா இருக்கும்?"

சிரிக்கலை. போனைக் கவுத்து வச்சுட்டா. "சரி, வாயாலயாவது சொல்லு. நீ பாத்தது எப்படி இருந்துச்சு?"

இங்கதான் மாட்டுனேன். சாமியைக் கும்புடறப்பக் கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டா கும்புடுவாங்க? வெள்ளை மலை ஒரு மினுக்கு தெரிஞ்சுது, அப்புறம் கண்ணைத் தொறந்தப்ப நெஜமாவே சொரங்கம். இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? அடிச்சு விட்டேன். "பாலம் வில்லு மாதிரி... கீழ ஆறு வெள்ளிக் கம்பியாட்டம்... எஞ்சின் கெத்தா முன்னால போகுது..." அவ மொகம் மலர்ந்துச்சு. மொகம் மலர்ந்ததும் எனக்கு வாய் நிக்கலை. "அந்தக் கரையில ஒரு யானை நின்னு நம்ம ரயிலையே பார்த்துச்சு."

"அலாஸ்காவுலயா? யானையா?"

"நான் சொன்னா நம்ப மாட்ட. உம் புருஷனைக் கேளு."

அவ திரும்புனா. பாவம் மாப்பிள்ளை, ஏசி ரூமுல வேர்க்குது. மாமியாரு வாக்கை மறுக்கவும் முடியாது, யானையை ஒத்துக்கவும் முடியாது. கடைசியில சொன்னாரு:

"பெருசு இல்லை. குட்டிதான்."

அவ எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "ரெண்டு பேருமே பாக்கலைல்ல?"

"இல்லை"ன்னேன். "இல்லைங்க"ன்னாரு, பொண்டாட்டிகிட்டயே.

அப்பத்தான் சிரிச்சா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, வேண்டாம் வேண்டாம் வயிறு வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சு, ரெண்டு பேரையும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா உக்கார வச்சா. தன் போன்ல பத்து வருஷமாப் பார்க்கற அந்த வீடியோவை எடுத்தா. "இங்க பாரும்மா, இதுதான் நீங்க போன பாலம். இப்ப திரும்பும் பாரு. அதோ, எஞ்சின்." வெரலை வச்சு நிறுத்தி நிறுத்திக் காமிச்சா.

நல்ல எடம். போயிருக்கலாம்னு தோணுச்சு.